ஒரு குப்பி மருந்துக்குப் பின்னால்

கிறிஸ்மஸ் நோய் என்ற பெயரில் ஒரு நோய் உண்டு என்பதை நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஸ்டீபன் கிறிஸ்மஸ் என்னும் ஐந்து வயதுச் சிறுவனின் குருதியை இங்கிலாந்தின் மருத்துவ ஆய்வாளர்கள் 1952ஆம் ஆண்டில் சோதித்தபோது, அதுவரை ஒரே நோய் என்று கருதப்பட்டு வந்த ஹீமோபிலியா உண்மையில் இரு வகைப்பட்டது என்பது தெளிவாயிற்று. புதிய வகைக்கு அச்சிறுவனின் குடும்பப் பெயரையே சூட்டினர். அக்கட்டுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் டிசம்பர் 27ஆம் நாள் இதழில் வெளிவந்தது. பெயரும் நாளும் அவ்வாறு பொருந்தியமையால் அதனை விளையாட்டு என்று எண்ணியவர்களும் உண்டாம்!

இந்நோயின் மருத்துவ வரலாற்றைப் பலர் எழுதியிருக்கின்றனர். நாம் இங்கு நோக்க விரும்புவது அதன் மற்றொரு பக்கத்தை. மருந்து இன்னதென்று அறிந்த பின்னும், அது நோயாளியின் கைக்கு வேண்டிய நாளில், வேண்டிய அளவில், நஞ்சு கலவாமல் வந்து சேர்வதற்கு எத்தனை பேர் துணை வேண்டியிருந்தது, அத்துணை எங்கெல்லாம் பொய்த்துப் போயிற்று என்பதே நம் கேள்வி.

காயம் பட்ட இடத்தில் குருதி தானே உறைவதற்குப் பல காரணிகள் சங்கிலிக் கண்ணிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகச் செயற்படுகின்றன. அவற்றுள் எட்டாவது குறைந்தால் ஹீமோபிலியா ஏ; ஒன்பதாவது குறைந்தால் ஹீமோபிலியா பி, அதாவது கிறிஸ்மஸ் நோய். பெரும்பாலும் தாய்வழி வந்து ஆண்மக்களையே மிகுதியாகத் தாக்குகிறது. ஊசி குத்தினாலே உயிர் போய்விடும் என்று மக்கள் எண்ணுவது சரியன்று. இந்நோயின் கொடுமை பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. முழங்கால், முழங்கை, கணுக்கால் ஆகிய மூட்டுகளுக்குள்ளே குருதி கசிந்து நிறையும். வலி பொறுக்க இயலாது. அவ்வாறு பன்முறை நேர்ந்த மூட்டு முடிவில் இறுகி விறைத்துப் போகும். பள்ளி செல்லும் பருவத்திலேயே ஊன்றுகோல் எடுத்த பிள்ளைகள் எண்ணிறந்தவர். ஆகவே இந்நோய்க்கு மருந்து என்பது வாழ்நாள் முழுவதும் வந்துகொண்டே இருக்க வேண்டிய ஒன்றாகும். செலுத்தப்பட்ட எட்டாம் காரணியில் பாதி ஏறத்தாழ 12 மணி நேரத்தில் உடலிலிருந்து நீங்கிவிடுகிறது. நேற்றைய மருந்து நாளைக்கு உதவாது.

பழங்காலத்தவர் இந்நோயைக் குடும்பத்தில் தொடரும் சாவாகவே அறிந்திருந்தனர். விருத்தசேதனத்தின்போது குருதி நில்லாமல் முன்பிறந்த ஆண்மக்கள் இறந்திருந்தால் அடுத்த மகனுக்கு அச்சடங்கைச் செய்யலாகாது என்று யூத ரபிகள் தீர்ப்பளித்தனர். இருவர் இறந்தால் போதுமா, மூவர் இறக்க வேண்டுமா என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. உடன்படிக்கையின் அடையாளத்தையே ஒரு குழந்தையின் உயிருக்காக நிறுத்திவைத்த அத்தீர்ப்பு, சட்டத்தைக் கையாள்வோர் அனைவரும் எண்ணிப்பார்க்கத் தக்கது. அரச குடும்பங்களும் இந்நோய்க்குத் தப்பவில்லை. இரஷ்யப் பேரரசரின் ஒரே மகன் அலெக்சி 1904இல் இந்நோயுடன் பிறந்தார். 1918இல் அவர் பெற்றோருடன் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளில் நடத்திய மரபணு ஆய்வு, அது பி வகையே என்று 2009இல் காட்டியது. பேரரசின் கருவூலம் முழுவதும் தாயின் கையருகே இருந்தது. ஆனால் வாங்குவதற்கு மருந்து என்று ஒன்று உலகில் இல்லை.

முதல் உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. நம் வயல்வெளிகளில் அஞ்சப்படும் கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர், கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றி, சோழமண்டலக் கடற்கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் நூல் வெளியிட்ட பேட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவருடையது. அப்பாம்பின் நஞ்சு மிகச் சிறு அளவிலேயே குருதியை உறையச் செய்கிறது என்பதைக் கண்டு, இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் ஊர்வனவற்றுக்குப் பொறுப்பாளராக இருந்த பார்னெட்டும், மருத்துவர் மக்ஃபார்லேனும் 1934இல் அதனை ஹீமோபிலியா நோயாளிகளின் காயங்களில் தடவிப் பயன்படுத்தினர். பல் பிடுங்கிய இடத்தில் அது உதவிற்று. மூட்டுக்குள் நிகழும் கசிவை அதனால் எட்ட இயலவில்லை. பின்னர் ஆக்ஸ்போர்டில் கிறிஸ்மஸ் நோயை வகைப்படுத்திய குழுவிலும் மக்ஃபார்லேன் இருந்தார்.

உள்ளே கசியும் குருதியை நிறுத்த, இல்லாத காரணியைப் பிறர் குருதியிலிருந்து எடுத்துக் கொடுப்பதைத் தவிர அன்று வேறு வழியிருக்கவில்லை. முதலில் முழுக் குருதியையும், பின்னர் அதன் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவையும் ஏற்றினர். ஆனால் பிளாஸ்மாவில் காரணி மிகக் குறைவு. போதிய காரணி சேர்வதற்குள் உடல் தாங்கக்கூடிய நீரளவு கடந்துவிடும்.

இத்தடையை நீக்கியவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடித் பூல் அம்மையார். உறைய வைத்த பிளாஸ்மாவைக் குளிர்ந்த நிலையிலேயே மெதுவாக உருகவிட்டால், பையின் அடியில் வெண்மையான வண்டல் ஒன்று எஞ்சுகிறது. அவ்வண்டலில்தான் எட்டாம் காரணி செறிந்திருக்கிறது என்று அவர் 1964இல் அறிவித்தார். கிரையோ என்று சுருக்கமாக வழங்கும் அதனை உறைகுளிர்ப் பெட்டியும் மைய விலக்குக் கருவியும் உள்ள எந்தக் குருதி வங்கியிலும் ஆயத்தம் செய்யலாம். பெரிய ஆலை வேண்டியதில்லை. ஏழை நாடுகளின் நோயாளிகள் பலரை அடுத்த பல்லாண்டுகள் உயிரோடு வைத்திருந்தது இந்த வண்டலே. ஒன்பதாம் காரணி அதில் இல்லாமையால், கிறிஸ்மஸ் நோயாளிகளுக்கு மட்டும் அது பயன்படவில்லை.

இங்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நலமுள்ள ஒருவரின் 1 மி.லி. பிளாஸ்மாவில் உள்ள காரணியின் அளவை ஓர் அலகு என்பர். இருபது கிலோ எடையுள்ள சிறுவனுக்குக் கசிவு வருமுன் காக்கும் முறையில் கிலோவுக்கு 25 அலகு என்று கொண்டால், ஒரு தடவைக்கு 500 அலகு தேவை. வாரத்திற்கு மூன்று முறை என்றால் 1,500, ஆண்டுக்கு 78,000. ஒருவர் தரும் குருதியிலிருந்து எடுக்கும் ஒரு பை கிரையோவில் 80 அலகு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அச்சிறுவன் ஓராண்டு ஊன்றுகோலின்றி நடக்க ஏறத்தாழ 975 பேர் கை நீட்ட வேண்டும். நம் சிறிய பங்குகள் சிலவற்றில் அத்தனை வளர்ந்தோர்கூட இரார். மறு ஆண்டு மீண்டும் அவ்வளவு. பிள்ளை வளர வளர அதனினும் கூடுதல்.

வருமுன் காக்கும் அம்முறையை ஸ்வீடன் நாட்டின் மால்மோ நகரில் இங்கா மேரி நில்சன் என்னும் மருத்துவர் 1958இலேயே தொடங்கிவிட்டார். கசிவு ஏற்பட்ட பின் ஓடுவதைவிட, ஏற்படாமலே காப்பது மூட்டுகளைக் காப்பாற்றும் என்பது அங்கு மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் மற்ற நாடுகள் பலவற்றுக்கு அது கனவாகவே இருந்தது. கருத்தை மறுத்தவர் அதிகமில்லை. அத்தனை மருந்துக்கு எங்கே போவது என்பதுதான் இடர்ப்பாடு.

1960களின் இறுதியில் ஆலைகள் அதற்கு விடை கொண்டுவந்தன. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒரே தொட்டியில் கலந்து, காரணியை மட்டும் பிரித்து உலர்த்தித் தூளாக்கிச் சிறு குப்பிகளில் அடைத்தனர். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் பாலுக்கும் முட்டைக்கும் பக்கத்தில் அதனை வைத்துக்கொள்ளலாம். தாயோ தந்தையோ, வளர்ந்த பின் நோயாளியோ தானே கலக்கிச் செலுத்திக்கொள்ளலாம். நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடும் ஓட்டம் நின்றது. பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர், பயணம் செய்தனர், வேலைக்குச் சென்றனர். இரஷ்யப் பேரரசர் குடும்பத்தைப் பற்றி 1967இல் புகழ்பெற்ற நூலை எழுதிய ராபர்ட் மாசி, தம் மகனுக்கு இந்நோய் இருந்தமையாலேயே அவ்வரலாற்றுள் புகுந்தவர். மகனை வளர்த்த போராட்டத்தைக் கணவனும் மனைவியுமாக 1975இல் மற்றொரு நூலில் எழுதினர். அம்மகன் பின்னாளில் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் சபையின் குருவானார். அக்குப்பிகள் அளித்த விடுதலையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. பின்னர் நிகழ்ந்ததை அறிந்துகொண்டு, அன்றைய பெற்றோர் ஏன் அதனை நம்பினார்கள் என்று கேட்பது எளிது.

குப்பியை நிரப்பிய பிளாஸ்மா எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் பணம் கொடுத்து வாங்கினார்கள். வறியோர் வாழும் தெருக்களில் நிலையங்கள் திறக்கப்பட்டன. சில மாநிலங்களில் சிறைக் கைதிகளிடமிருந்தும் எடுத்தனர். ஆர்க்கன்சா மாநிலச் சிறையில் இது 1994 வரை நடந்தது. நிக்கராகுவா தலைநகர் மனாகுவாவில் அத்தகைய நிறுவனம் ஒன்று ஏழைகளின் பிளாஸ்மாவை வாங்கி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்துவந்தது. அதனை அம்பலப்படுத்திய லா பிரென்சா நாளேட்டின் ஆசிரியர் பெத்ரோ ஹோவாக்கின் சமோரோ 1978 ஜனவரி 10 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். சினங்கொண்ட மக்கள் அந்நிலையத்தைத் தீக்கிரையாக்கினர். ஆயின் வேறிடங்களில் கொள்முதல் தொடர்ந்தது. பசித்தவன் தன் நோயை மறைத்துக் குருதி விற்பான் என்பதை அறிய மருத்துவப் பட்டம் தேவையில்லை. ஆயிரம் பேரில் ஒருவரிடம் தொற்று இருந்தாலும் தொட்டி முழுவதும் கெட்டுவிடும் என்பதும் தெரியாத செய்தியன்று. குப்பிகளின்வழி கல்லீரல் அழற்சி பரவுவது 1970களிலேயே கண்கூடாயிற்று.

1982 ஜூலையில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஹீமோபிலியா நோயாளிகள் மூவருக்கு எய்ட்ஸ் அறிகுறிகள் தோன்றியதை வெளியிட்டது. பின்னர் நிகழ்ந்ததை உலகம் அறியும். அமெரிக்காவின் ஹீமோபிலியா நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேரை எச்.ஐ.வி. தொற்றியது. முன்னர்க் குறிப்பிட்ட குருவும் அவர்களுள் ஒருவர். ஸ்டீபன் கிறிஸ்மஸ் 1993 டிசம்பரில் எய்ட்ஸ் நோயால் இறந்தார். பல நாட்டு நோயாளர் சங்கங்களை ஒன்றிணைத்து 1963இல் உலக ஹீமோபிலியா கூட்டமைப்பை நிறுவிய மாண்ட்ரியால் நகரத்து ஃபிராங்க் ஷ்னாபெல்லும் அவ்வாறே 1987இல் மறைந்தார். அவர் பிறந்த ஏப்ரல் 17ஆம் நாள்தான் இன்று உலக ஹீமோபிலியா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இங்கிலாந்தின் நிலை வேறொரு வகையில் வருந்தத்தக்கது. அங்கே குருதிக் கொடையாளருக்குப் பணம் தரும் வழக்கமில்லை. வெளிநாட்டுச் சரக்கை நம்பாமல் நாட்டின் தேவையை நாட்டுக்குள்ளேயே நிறைவு செய்வோம் என்று சுகாதார அமைச்சர் டேவிட் ஓவன் 1970களின் நடுவில் அறிவித்தார். பணமும் ஒதுக்கப்பட்டது, ஆனால் இலக்கு எட்டப்படவில்லை. அமெரிக்கக் குப்பிகள் தொடர்ந்து வந்தன. ட்ரெலோர் என்னும் பள்ளியில், உடற்குறையுள்ள பிள்ளைகள் தங்கிப் படித்த இடத்திலேயே ஹீமோபிலியா மருத்துவமும் நடந்தது. 1970 முதல் 1987 வரை அங்குப் பயின்ற ஹீமோபிலியா மாணவர் 122 பேரில் ஏறத்தாழ 30 பேரே உயிரோடு எஞ்சியுள்ளனர் என்று நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் தலைமையிலான விசாரணை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. உண்மை மறைக்கப்பட்டது என்றும், இப்பேரிடரைப் பெருமளவு தவிர்த்திருக்கலாம் என்றும் அவ்வறிக்கை முடிவு செய்தது. அறிக்கை வருவதற்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு, குருதியை விற்றதே குற்றம், தானமாகத் தந்திருந்தால் தீங்கில்லை என்று முடிவு கட்ட நமக்கு ஆசை எழுகிறது. மறையுரைக்கு ஏற்ற முடிவுதான். ஆயின் பிரான்ஸ் நாட்டின் வரலாறு அவ்வாறு எளிதில் முடிக்க விடவில்லை. அங்கு மக்கள் இலவசமாகவே குருதி அளித்தனர். அதில் அந்நாடு பெருமையும் கொண்டிருந்தது. மருந்தை ஆயத்தம் செய்ததும் பொது நிறுவனமே. வெப்பமூட்டினால் எச்.ஐ.வி. கிருமி அழியும் என்பது 1984 இறுதிக்குள் தெரிந்துவிட்டது. 1985 மே மாதம் நடந்த கூட்டமொன்றில் தேசியக் குருதி மையத்தின் பொறுப்பாளர்கள், தம்மிடம் உள்ள வெப்பமூட்டாத மருந்துத் தொகுதிகள் கிருமி கலந்தவை என்பதை அறிந்தே பேசினர். ஆயினும் அவற்றை உடனே திரும்பப் பெறவில்லை. இருப்புத் தீரட்டும் என்று வழங்கல் தொடர்ந்தது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் வரை அரசுக் காப்பீடு அதற்குப் பணமும் கொடுத்தது. 1991இல் ஆன்-மரி காஸ்தெரே என்னும் இதழாளர் அக்கூட்டக் குறிப்பை வெளியிட்ட பின்னரே நாடு விழித்தது. மையத்தின் தலைவர் மிஷேல் கரெத்தாவுக்கு 1992இல் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அன்பினால் ஈந்த குருதியும் கையிருப்புப் பேரேட்டில் ஒரு தொகையாக எழுதப்பட்டவுடன் அதன் முகம் மாறிவிடுகிறது. அதே கையிருப்புக் கணக்கு ஆசிய மக்களையும் தீண்டியது. அமெரிக்க நிறுவனம் ஒன்று தன் நாட்டில் வெப்பமூட்டிய மருந்தை விற்கத் தொடங்கிய பின்னும், பழைய வகையை ஆசிய, இலத்தீன் அமெரிக்க நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை 2003இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு ஆவணங்களோடு வெளியிட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மேலை நாடுகளில் மருந்து மிகுந்து கேடு விளைந்த அதே ஆண்டுகளில், இந்தியாவில் மருந்து இல்லாமையே கேடாக இருந்தது. குப்பிகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலையோ சாதாரணக் குடும்பம் எண்ணிப்பார்க்க இயலாதது. பிளாஸ்மாவும் கிரையோவும், அவை இல்லாத ஊர்களில் முழுக் குருதியும், அதுவும் கிடைக்காதபோது பனிக்கட்டி ஒத்தடமும் படுக்கையுமே மருத்துவம். பன்னிரண்டு ஆண்டுகள் குருதிப்போக்கினால் வருந்திய பெண், மருத்துவர் பலரிடம் சென்று தன் உடைமை முழுவதையும் செலவழித்ததை மாற்கு மறவாமல் குறிப்பிடுகிறார். மத்தேயு அச்செலவுக் கணக்கை விட்டுவிடுகிறார். நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று வரும் நமக்கு மாற்கின் குறிப்பே மெய்யாகத் தோன்றுகிறது. நிலம் விற்றது, வளையல் அடகு வைத்தது, மூத்த மகளின் திருமணம் தள்ளிப்போனது என்று அக்கணக்கு நீளும்.

இந்நோயுடன் வாழ்ந்த அசோக் பகதூர் வர்மா என்பவர் 1983இல் தில்லியில் இந்திய ஹீமோபிலியா கூட்டமைப்பைத் தோற்றுவித்தார். மருந்தை வெளிநாட்டிலிருந்து மொத்தமாகத் தருவித்து உறுப்பினர்களுக்குக் குறைந்த விலையில் வழங்குவது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. நோயாளிகளே வாங்குவோராகவும் பங்கிடுவோராகவும் கணக்கெழுதுவோராகவும் ஆயினர். குருதி விற்போரை நம்பி இயங்கிய வங்கிகளுக்கு உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு முற்றுப்புள்ளி வைத்தது. 1998 ஜனவரி முதல் தொழில்முறைக் குருதி விற்பனை தடை செய்யப்பட்டது. நம் பங்குகளிலும் கல்லூரிகளிலும் கொடை முகாம்கள் பெருகியமைக்கு அத்தீர்ப்பும் ஒரு காரணம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் ஹீமோபிலியாவையும் தன் பட்டியலில் சேர்த்தது. உலகக் கூட்டமைப்பு 1996 முதல் நன்கொடையாகப் பெறும் மருந்தை வறிய நாடுகளுக்கு அனுப்பி வருகிறது. தமிழகத்தில் அரசு மருத்துவமனைகள் காரணி மருந்தை இலவசமாக வழங்குகின்றன.

இது பெரிய மாற்றமே, ஐயமில்லை. எனினும் 'இலவசம்' என்ற சொல்லுக்கும் 'தவறாமல்' என்ற சொல்லுக்கும் இடையே உள்ள தூரத்தை நோயாளியின் தாய்தான் அறிவாள். கசிவு தொடங்கியதும் இயன்றவரை விரைவில் மருந்து ஏற வேண்டும். மருத்துவமனையோ இரண்டு பேருந்து மாறிச் செல்லும் தொலைவில் இருக்கும். சென்று சேர்ந்தால் இருப்பு இல்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்ற விடையும் கிடைக்கலாம். மூட்டு அடுத்த வாரம்வரை காத்திராது. வருமுன் காக்கும் முறையைக் குறைந்த அளவு மருந்திலேனும் தொடங்க வேண்டும் என்று நம் நாட்டு மருத்துவர்கள் வற்புறுத்தி வருகின்றனர். முறை மெல்ல மெல்லவே பரவுகிறது.

அறிவியல் மட்டும் நடை தளரவில்லை. 1990களில், மனிதக் குருதியிலிருந்து எடுக்காமல் உயிரணுக்களைக் கொண்டு ஆக்கிய எட்டாம் காரணி வந்தது. 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற எமிசிசுமாப் என்னும் மருந்தை ஏ வகையினர்க்கு நரம்பைத் தேடாமல் தோலுக்கடியில் போடலாம். வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ போதும். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, ஏ வகை நோயாளிகள் ஐவரின் குருதி மூல உயிரணுக்களை எடுத்து, அவற்றில் சரியான மரபணுவைப் புகுத்தி, மீண்டும் அவர்களுக்கே செலுத்தியது. அதன் பின் ஐவருக்கும் குருதிக்கசிவு ஏற்படவில்லை என்பதை 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் வெளியிட்டது. பேட்ரிக் ரஸ்ஸல் பாம்பு தேடிய சோழமண்டலக் கரையிலிருந்து வேலூர் அதிகத் தொலைவில் இல்லை.

அந்த ஐவர்க்கு இனிக் குப்பி வேண்டியிராது என்று நம்பலாம். மற்றவர்க்கு மருந்து இன்றும் குளிர்ச்சங்கிலி அறுபடாமல்தான் வர வேண்டும். மாவட்ட மருத்துவமனையில் வாங்கிய குப்பியைப் பனிக்கட்டி போட்ட குடுவையில் வைத்து, முந்தானையால் சுற்றி, பேருந்தில் வெயில் படாத பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கி அமர்கிறாள் ஒரு தாய். குப்பியின் தொகுதி எண்ணும் தேதியும் பையனின் அட்டையில் எழுதப்பட்டிருக்கின்றன. 1985க்குப் பிறகு அந்த எண்ணை எழுதாமல் விடுவதில்லை.